விடுதலைக்கு 49 ஆண்டுத் தவணை: ஜார் கால ரஷ்யாவில் உழவரும் ஆலைத் தொழிலாளியும்

ரஷ்யப் புரட்சி பற்றிப் பேச்சு வந்தாலே ஜார் காலத்து மக்களின் நிலை இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. "எல்லோரும் அடிமைகளாக இருந்தார்கள், 1917-ல்தான் விடிந்தது" என்பார்கள் சிலர். "1861-லேயே ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமைகளை விடுவித்துவிட்டாரே, அமெரிக்காவுக்கும் முன்னால்! அப்புறம் என்ன குறை?" என்று கேட்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் பாதிதான் உண்மை.

விடுதலையும் உண்மை, கட்டும் உண்மை. சட்டப்படி சுதந்திரம் பெற்ற ஒருவர் ஏன் தன் ஊரைவிட்டு நகர முடியவில்லை? நகரத்துக்குப் போய் ஆலையில் சேர்ந்த பிறகும் ஊர் ஏன் அவரை விடவில்லை? இந்த இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அதை அடியிலிருந்து பார்ப்போம். ரஷ்ய வரலாறு முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பண்ணையடிமை என்பவர் யார்?

1649-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, உழவரை அவர் பயிரிட்ட நிலத்தோடு நிரந்தரமாகக் கட்டிப்போட்டது. ஓடிப்போனவரை எத்தனை ஆண்டு கழித்தும் பிடித்துவரப் பிரபுவுக்கு உரிமை கிடைத்தது. இப்படி ஒரு பிரபுவின் பண்ணைக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பட்டிருந்த உழவர்தான் பண்ணையடிமை.

பிரபுவுக்கு அவர் செலுத்த வேண்டியது இரண்டு வகை. ஒன்று, பிரபுவின் வயலில் கூலியில்லாமல் செய்யும் வேலை. அதன் பெயர் பார்ஷ்சினா. மற்றது, ஆண்டுக்கு இவ்வளவு என்று பணமாகவோ பொருளாகவோ கட்டுவது. அதன் பெயர் ஓப்ரோக். கருமண் வளமுள்ள தெற்கில் பிரபுக்கள் உழைப்பையே அதிகம் கேட்டார்கள். மண் மோசமான வடக்கில், "நீ நெசவு செய்வாயோ, வண்டி ஓட்டுவாயோ, எனக்குப் பணம் வந்தால் சரி" என்று ஓப்ரோக்கை வாங்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கக் கூடாது, வாரத்தில் மூன்று நாள் போதும் என்று ஜார் முதலாம் பாவெல் 1797-ல் ஓர் ஆணை போட்டார். அதைக் கட்டாயப்படுத்தி நிறைவேற்ற ஆளில்லை.

பிரபுவின் பிடி வேலையோடு நிற்கவில்லை. திருமணத்துக்கு அவர் சம்மதம் வேண்டும். சாட்டையடி கொடுக்கலாம், சைபீரியாவுக்கு அனுப்பலாம், விற்கலாம். பட்டாளத்துக்கு யார் போவது என்பதும் பெரும்பாலும் பண்ணையில்தான் முடிவாகும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டாளச் சேவை 25 ஆண்டுகள். அதனால், புறப்படும் இளைஞனைப் பார்த்து ஊர்ப் பெண்கள் ஒப்பாரி வைத்தே அழுதார்கள். பிரபுமீது புகார் கொடுப்பதையே 1767-ல் பேரரசி இரண்டாம் காத்தரின் தடை செய்துவிட்டார்.

ஆனால் எல்லா உழவரும் பண்ணையடிமைகள் அல்ல. ஏறத்தாழ பாதிப் பேர் அரசு நிலத்தில் பயிரிட்ட அரசு உழவர்கள். அவர்களுக்குப் பிரபு கிடையாது, வரியும் கட்டுப்பாடும் உண்டு. "எல்லோரும் அடிமைகள்" என்ற பேச்சு இங்கேயே தடுக்குகிறது.

பண்ணையடிமைக்குத் தனியாகக் குடிசை இருந்தது, தனக்கென்று பயிரிட்டுக்கொள்ளத் துண்டு நிலம் இருந்தது. அந்த நிலத்தைப் பிரபுவின் சொத்தாக அவர் ஒருநாளும் மனதில் ஏற்றுக்கொள்ளவில்லை. "நாங்கள் உங்களுடையவர்கள், நிலம் எங்களுடையது" என்று பிரபுக்களைப் பார்த்துச் சொல்லும் வழக்கம் ரஷ்ய உழவரிடையே இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1861-ல் வந்த ஏமாற்றம் முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையை ஒட்டியதுதான்.

சுருக்கமாக: தனியார் பண்ணையில் இருந்த உழவர் பிரபுவுக்கு உழைப்போ பணமோ கொடுத்துவந்தார், ஊரைவிட்டு நகர அவருக்கு உரிமை இல்லை, ஆனாலும் தான் உழுத நிலம் தன்னுடையது என்றே நம்பினார்.

விடுதலையும் அதன் விலையும்

மைக்ரோ பைனான்ஸ் குழுக்கடன் எப்படி நடக்கிறது என்று நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு. கடன் ஆளுக்குத் தனித்தனி, பொறுப்பு மட்டும் குழு முழுவதற்கும். ஒருத்தி தவணை கட்டவில்லையென்றால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டும், அல்லது கைக்காசைப் போட வேண்டும். அவள் வேறு ஊருக்குக் குடிபோகிறேன் என்றால் முதலில் பதறுவது குழுதான். இப்போது இப்படி நினைத்துப் பாருங்கள். குழுவில் சேர விருப்பமா என்று யாரையும் கேட்கவில்லை, அந்த ஊரில் இருப்பதே சேர்ந்ததற்குச் சமம். கடன் 49 ஆண்டு. வசூலுக்கு வருவது போலீஸ். 1861-க்குப் பிந்தைய ரஷ்யக் கிராமம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது.

இனி உண்மையில் நடந்ததற்கு வருவோம். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் ரஷ்யா தோற்றது. அடிமை உழவரைக் கொண்ட நாடு ஐரோப்பாவோடு போட்டிபோட முடியாது என்பது அரண்மனைக்கே உறைத்தது. அடிமைமுறை கீழிருந்து தானாக ஒழியத் தொடங்கும்வரை காத்திருப்பதைவிட மேலிருந்து ஒழிப்பதே நல்லது என்று அலெக்சாந்தர் 1856-ல் மாஸ்கோப் பிரபுக்களிடம் சொன்னார். பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1861 பிப்ரவரி 19 அன்று விடுதலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சுமார் 2 கோடி 30 லட்சம் பேர் தனியார் உடைமை என்ற நிலையிலிருந்து விடுபட்டார்கள். இனி அவர்களை விற்க முடியாது. பிரபுவின் அனுமதியில்லாமல் மணம் முடிக்கலாம், சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம். இது சின்ன மாற்றம் இல்லை.

நிலம்தான் சிக்கல். நிலம் முழுவதும் பிரபுவின் சொத்து என்றே சட்டம் சொன்னது. உழவர் தன் பங்கை விலைக்கு வாங்க வேண்டும். அந்த விலைதான் மீட்புத் தொகை. அதைக் கணக்கிட்ட விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அநியாயம் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

ஓர் உழவர் ஆண்டுக்கு 6 ரூபிள் ஓப்ரோக் கட்டிவந்தார் என்று வைத்துக்கொள்வோம். 6 விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு 6 ரூபிள் வர வேண்டுமானால் எவ்வளவு முதல் போட வேண்டும்? 100 ரூபிள். அதுவே நிலத்தின் விலை என்று தீர்மானித்தார்கள். வழக்கமான ஏற்பாட்டில் இதில் 80 ரூபிளை அரசு கடன்பத்திரமாகப் பிரபுவுக்குக் கொடுக்கும், 20 ரூபிளை உழவர் நேரடியாகக் கொடுக்க வேண்டும். அரசு கொடுத்த 80 ரூபிளுக்காக உழவர் ஆண்டுக்கு 4 ரூபிள் 80 கோபெக் (100 கோபெக் ஒரு ரூபிள்) வீதம் 49 ஆண்டுகள் கட்ட வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 235 ரூபிள் 20 கோபெக்.

இதில் கவனிக்க வேண்டியது, விலை எதிலிருந்து வந்தது என்பது. நிலத்தின் விளைச்சலையோ சந்தை விலையையோ பார்த்து அதை வைக்கவில்லை. உழவர் கட்டிவந்த ஓப்ரோக்கிலிருந்து வைத்தார்கள். மண் மோசமான வடக்கில் அந்த ஓப்ரோக் வயலில் விளைந்ததே இல்லை. உழவர் நெசவிலும் தச்சிலும் வண்டியோட்டியும் சம்பாதித்த பணம் அது. அதாவது உழவர் தன் உழைப்பின் மதிப்பையே நிலத்தின் பெயரில் பிரபுவுக்கு விலையாகக் கொடுத்தார். மனிதருக்கு விலை வைக்கவில்லை என்று சட்டம் சொன்னது. கணக்கு வேறு கதை சொன்னது.

கிடைத்த நிலமும் குறைந்தது. முன்பு உழுதுவந்த நிலத்தில் ஒரு பகுதியைப் பிரபு வெட்டி எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போயிற்று, கருமண் பகுதியில் இன்னும் அதிகம். பெரும்பாலும் போனது மேய்ச்சல் நிலமும், காடும், ஆற்றுக்கு இறங்கும் வழியும்தான். மாட்டை மேய்க்க இடமில்லாத உழவர் மறுபடியும் பழைய பிரபுவிடம் போய், அவர் வயலில் வேலை செய்து மேய்ச்சல் உரிமையைப் பெற வேண்டியதாயிற்று. பண்ணை வீட்டு வேலைக்காரர்களுக்கோ நிலமே இல்லை.

ஊர்களில் இதை நம்ப மறுத்தார்கள். ஜார் கொடுத்த உண்மையான சட்டத்தைப் பிரபுக்கள் மறைத்துவிட்டார்கள் என்று பேச்சு பரவியது. கஸான் மாகாணத்தின் பெஸ்த்னா கிராமத்தில், எழுத்தறிந்த உழவர் அந்தோன் பெத்ரோவ் சட்டத்தைப் படித்து, அதில் முழு விடுதலை இருப்பதாகச் சொன்னார். ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். 1861 ஏப்ரலில் படை வந்து சுட்டது. பெத்ரோவுக்கு மரண தண்டனை.

மீர்: கட்டிவைத்த கயிறு

நிலம் தனி உழவர் பெயரில் வரவில்லை. பெரும்பாலான இடங்களில் அது மீரிடம் ஒப்படைக்கப்பட்டது. மீர் என்பது ஊரின் வீட்டுத் தலைவர்கள் கூடி முடிவெடுக்கும் கிராமச் சமூகம். நிலத்தை வீடுகளுக்குப் பங்கிடுவது, எப்போது விதைப்பது எப்போது அறுப்பது என்று முடிவு செய்வது, வரியைப் பிரித்து வசூலிப்பது எல்லாம் அதன் வேலை.

பங்கிடும் முறையில் ஒரு நியாயம் இருந்தது. நல்ல மண்ணும் கெட்ட மண்ணும், அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் எல்லோருக்கும் கிடைக்கவேண்டும் என்பதற்காக வயலை நீளநீளமான குறுகிய துண்டுகளாகக் கிழித்தார்கள். ஒரே வீட்டுக்கு இருபது முப்பது இடங்களில் துண்டு இருக்கும். பல ஊர்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் எண்ணிக்கைப்படி மறுபங்கீடும் நடந்தது. அடுத்த பங்கீட்டில் யாருக்குப் போகுமோ தெரியாத துண்டுக்கு எருப்போட்டு வளமாக்க யாருக்கு மனம் வரும்? மீரைச் சோஷலிசத்தின் விதை என்று போற்றியவர்களும் உண்டு, முன்னேற்றத்தின் தடை என்று திட்டியவர்களும் உண்டு. என் பார்வையில் அது ஏழைகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளச் செய்த ஏற்பாடு. அரசு அதை வசூல் இயந்திரமாக மாற்றிக்கொண்டது.

மாற்றிய கருவி கூட்டுப் பொறுப்பு. ஒரு வீடு மீட்புத் தவணையோ வரியோ கட்டத் தவறினால் மொத்த ஊரும் அதைக் கட்ட வேண்டும். இந்த விதி 1903 வரை நீடித்தது. அதனால் உழைக்கும் வயதுள்ள ஓர் ஆண் ஊரைவிட்டுப் போவதை மீர் சந்தேகத்தோடு பார்த்தது. வெளியூர் போக உள்நாட்டுப் பாஸ்போர்ட் வேண்டும், அதற்கு ஊரின் சம்மதமும் வீட்டுத் தலைவரின் சம்மதமும் வேண்டும். பாக்கி வைத்தவருக்குப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்காமல் இழுத்தடிக்கலாம். உழவருக்கென்று தனி நீதிமன்றம் இருந்தது, அங்கே பிரம்படித் தண்டனை 1904 வரை சட்டப்படி செல்லும்.

ஆக, பிரபுவின் இடத்தில் மூன்று கட்டுகள் வந்தன: கடன், கூட்டுப் பொறுப்பு, பாஸ்போர்ட். இரண்டாம் கேள்விக்கான விடையும் இவற்றில்தான் இருக்கிறது.

குடிசையும் கஞ்சியும்

மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறைக் குடிசைதான் பெரும்பாலோர் வீடு. அறையின் பெரும் பகுதியை மண் அடுப்பு பிடித்துக்கொள்ளும். அதிலேயே சமையல், அதன் மேலேயே கிழவரும் குழந்தைகளும் தூங்குவார்கள். ஏழை வீடுகளில் புகைபோக்கியும் இல்லை. புகை அறையைச் சுற்றிக் கதவு வழியாக வெளியேறும். கடுங்குளிரில் கன்றுக்குட்டியும் உள்ளே வந்துவிடும். காலுக்கு மரப்பட்டையில் பின்னிய செருப்பு. சாப்பாடு கம்பு போன்று கறுத்த ரை தானியத்தின் ரொட்டி, முட்டைக்கோஸ் சூப், தானியக் கஞ்சி. இறைச்சி பண்டிகைக்கு மட்டும்.

1860-ல் ஓர் ஆணுக்குச் சராசரியாக 4.8 தெசியாத்தினா நிலம் இருந்தது, 1900-ல் 2.6. தெசியாத்தினா என்பது ஏறத்தாழ 2.7 ஏக்கர். அப்படியானால் 1900-லும் ஆளுக்கு 7 ஏக்கர் இருந்ததே, இது வறுமையா என்று நஞ்சை நிலம் பார்த்துப் பழகிய நமக்குத் தோன்றும். அங்கே ஆண்டில் பயிர் வளரும் காலம் ஐந்து மாதம் போல்தான். மண் களைத்துவிடாமல் இருக்க மூன்றில் ஒரு பங்கைத் தரிசாகப் போடுவார்கள். ஒரு மூட்டை விதைத்தால் நாலைந்து மூட்டை கிடைக்கும், அதில் ஒரு மூட்டை மறுபடியும் விதைக்கு. நிலம் குறைந்ததற்குக் காரணம் மக்கள்தொகை வேகமாகப் பெருகியதுதான்.

இத்தனை பெருகியும், பிறந்த குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. கோடைதான் அவற்றுக்கு ஆபத்தான காலம். அறுவடையின்போது தாய் விடிகாலையில் வயலுக்குப் போய்விடுவாள். வீட்டில் கிழவியோ ஐந்தாறு வயதுச் சிறுமியோ, மென்ற ரொட்டியைத் துணியில் முடிந்து குழந்தையின் வாயில் வைப்பார்கள். வெயிலில் அது புளிக்கும், வயிற்றுப்போக்கு வரும். தாய்மாரின் அறியாமை என்று அன்றைய மேல்தட்டு எழுதியது. ஆறு வாரத்தில் அறுவடையை முடிக்காவிட்டால் குளிர்காலத்தில் பட்டினி என்ற நிலையில் அந்தத் தாய்க்கு வேறு வழி என்ன இருந்தது?

வரிக்காலம் இலையுதிர்காலத்தில், அறுவடை முடிந்த கையோடு. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் தானிய விலை விழுந்திருக்கும். அப்போது விற்று வரி கட்டிவிட்டு, வசந்தத்தில் கையிருப்பு தீர்ந்ததும் கூடுதல் விலைக்கு அதே தானியத்தை வாங்க வேண்டும். 1887 முதல் நிதியமைச்சராக இருந்த விஷ்னிகிராத்ஸ்கி தானிய ஏற்றுமதியை முடுக்கிவிட, வசூலும் கடுமையானது. சேமிப்பில்லாத அந்தக் கிராமங்களை 1891-ல் வறட்சி பிடித்தது. வோல்கா ஆற்றுப் பகுதியில் காட்டுக் கீரை விதையை மாவில் கலந்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். பட்டினியும் அதைத் தொடர்ந்த காலரா, டைபஸ் நோய்களும் ஏறத்தாழ 4 லட்சம் உயிர்களைக் கொண்டுபோயின.

ஆலைக்குப் போன உழவர்

ரஷ்யத் தொழிலாளி என்றதும் ஊரை மறந்த நகரவாசி நம் மனதில் வருகிறார். 19-ஆம் நூற்றாண்டின் ரஷ்யாவில் அப்படிப்பட்டவர் குறைவு. மாஸ்கோ நெசவாலையில் நிற்பவரின் பாஸ்போர்ட்டில் "உழவர்" என்றே இருக்கும். மனைவியும் துண்டு நிலமும் ஊரில் இருக்கும். மீட்புத் தவணை கட்டுவதற்காகவே பலர் ஆலைக்கு வந்தார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி ஊருக்குப் போனால்தான் பாஸ்போர்ட் புதுப்பிக்கப்படும்.

வேலை கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர் மூலம். வந்த பிறகு அவர்களோடு சேர்ந்து ஆர்த்தெல் ஒன்றில் இருப்பார்கள். ஆர்த்தெல் என்பது சேர்ந்து தங்கி, சமையலுக்கு ஆள் வைத்து, செலவைப் பகிர்ந்துகொள்ளும் குழு. தங்குமிடம் ஆலையின் பாரக்குகளில், அதாவது கூட்டு விடுதிகளில், இரண்டு அடுக்குப் பலகைகள். பகல் ஷிப்டுக்காரர் எழுந்து போனதும் அதே பலகையில் இரவு ஷிப்டுக்காரர் படுப்பார். பீட்டர்ஸ்பர்க்கில் முழு அறை வாடகைக்கு எடுக்க முடியாதவர்கள் அறையின் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்தார்கள்.

குடும்பத்துக்குச் சோறு ஊர் நிலத்தில் கிடைக்கும் என்ற கணக்கில் முதலாளி கூலியைக் குறைத்துக் கொடுத்தார். கிராமத்தின் வறுமை ஆலையின் லாபமான வழி இதுதான். 1900 வாக்கில் ஆலைத் தொழிலாளியின் சராசரிக் கூலி ஆண்டுக்கு ஏறத்தாழ 200 ரூபிள், பெண்களுக்கு அதைவிட நன்றாகக் குறைவு. 1897 வரை வயதுவந்த ஆண்களுக்கு வேலை நேர வரம்பே இல்லை. 12 முதல் 14 மணி நேரம் சாதாரணம்.

அபராதம்தான் மிகவும் கசந்தது. தாமதமா, அபராதம். துணியில் நூல் பிசகா, அபராதம். பாட்டுப் பாடினால்கூட அபராதம். ஒரேஹோவோ-சூயெவோ பக்கத்தில் திமொஃபேய் மொரோசோவின் நெசவாலையில் இது கூலியில் நான்கில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போயிற்று, அந்தப் பணமும் முதலாளிக்கே. கூலியையும் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஐந்து முறை வெட்டினார்கள். 1885 ஜனவரி 7-இல், திருநாளாகிய அன்றும் வேலைக்கு வரவேண்டும் என்று ஆலை அறிவித்ததும் பொறுமை போயிற்று. பியோத்தர் மொய்ஸேயென்கோ, வசீலி வோல்கோவ் என்ற நெசவாளர்கள் முன்நின்றார்கள். ஏறத்தாழ 8,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். படை வந்தது, நூற்றுக்கணக்கானோரை ஊருக்குத் துரத்தினார்கள். ஆனால் 1886-ல் வழக்கு நடந்தபோது, அபராதப் புத்தகங்களின் கதையைக் கேட்ட நடுவர் குழு, குற்றச்சாட்டுகள் பற்றி அதன்முன் வைத்த 101 கேள்விகளுக்கும் "குற்றமில்லை" என்றே விடை சொன்னது.

அதே ஆண்டு ஜூன் 3-இல் வந்த சட்டம், அபராதம் கூலியில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது, அந்தப் பணம் தொழிலாளர் நலனுக்கே போகவேண்டும், சம்பளம் மாதம் ஒருமுறையாவது பணமாகத் தரவேண்டும் என்றது. வேலைநிறுத்தத்துக்குச் சிறைத் தண்டனையையும் அதே சட்டம் வைத்தது. 12 வயதுக்குட்பட்டவர்களை ஆலையில் வைக்கக் கூடாது என்று 1882-லேயே சட்டம் இருந்தது. 1897 சட்டம் பகல் வேலையை 11½ மணி நேரமாகக் குறைத்தது. மேற்பார்வையிடும் ஆய்வாளர்கள் மிகச் சிலரே என்பதால் இவை எல்லா ஆலையிலும் நடக்கவில்லை.

சுருக்கமாக: தவணை கட்ட ஊர் ஆளை ஆலைக்குத் தள்ளியது, பாஸ்போர்ட் அவரை ஊரோடு இழுத்துப் பிடித்தது, அந்த இரண்டுங்கெட்டான் நிலையே கூலியைக் குறைவாக வைத்தது.

1905-ம் அதற்குப் பிறகும்

வேலைநிறுத்தம் செய்தவரைப் போலீஸ் பாதுகாப்போடு சொந்த ஊருக்கு அனுப்புவது அரசுக்கு எளிய தண்டனையாகத் தோன்றியது. அப்படித் திரும்பியவர் படிக்கத் தெரிந்தவர், கூட்டம் கூட்டத் தெரிந்தவர், துண்டுப்பிரசுரம் பார்த்தவர். ஆலையில் கற்றதை அவர் ஊருக்குக் கொண்டுபோனார். 1905 ஜனவரி 9-இல் எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளோடு கபோன் பாதிரியாரின் தலைமையில் ஜாரைப் பார்க்கப் போன பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள்மீது படை சுட்டது. அந்த ஆண்டே கிராமங்களில் பிரபுக்களின் மாளிகைகள் எரிந்தன, காடுகள் வெட்டப்பட்டன.

அரசு இறங்கிவந்தது. 1905 நவம்பர் 3-இல் மீட்புத் தவணை பாதியாகக் குறைக்கப்பட்டு, 1907 ஜனவரி 1 முதல் முற்றிலும் நீக்கப்பட்டது. அதற்குள் உழவர்கள் நிலத்தின் உண்மை விலையை எப்போதோ தாண்டிக் கட்டியிருந்தார்கள். 1906-ல் பிரதமர் ஸ்தலீப்பின், விரும்புகிறவர் மீரிலிருந்து தன் பங்கைத் தனிச் சொத்தாகப் பிரித்துக்கொள்ள வழி செய்தார். அடுத்த பத்தாண்டுகளில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பிரிந்தன. மற்றவர்கள் மீருக்குள்ளேயே இருந்தார்கள். பிரிந்தவர்களை ஊர் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. 1917-ல் அரசின் பிடி தளர்ந்ததும் பல கிராமங்கள் அவர்களை வலுக்கட்டாயமாக மீருக்குள் இழுத்துக்கொண்டு, அவர்கள் துண்டுகளையும் பிரபுவின் வயலையும் ஒன்றாகக் கலந்து, வீட்டுக்கு எத்தனை பேர் என்று எண்ணி மறுபடி பங்கிட்டன.